மாத்திரைக்குப் பதிலாக

முதல் ஈடு நெத்திலி மேலே போய்விட்டது. இரண்டாவது ஈடு எண்ணெயில் கிடக்கிறது. இது பொரிந்து முடிவதற்குள் அந்த வாக்கியத்தை அமைத்துவிடுவேன். அமைத்து, இந்தத் தட்டோடு சேர்த்து மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் அவர்கள் முன்னால் வைத்துவிடுவேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது என்பதுதான் பிடிபடவில்லை. அத்தான், அப்பாவுக்கு இதயத்தில் வால்வு மாற்றியிருக்கிறது. வேண்டாம், இதயம் என்று கேட்டதுமே ஆட்களுக்கு முகம் மாறிவிடும், அதற்குப் பிறகு என்ன சொன்னாலும் காதில் ஏறாது. அத்தான், அப்பா ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். இதுவும் சரியில்லை, ஐம்பதைத் தாண்டியவர்களில் யார்தான் மாத்திரை சாப்பிடவில்லை, சித்தப்பா சிரித்தே ஊதித் தள்ளிவிடுவார். நெத்திலியை அடிக்கடி கிளறக்கூடாது, உடைந்துவிடும், ஓரம் சிவக்கும்வரை சும்மா விட வேண்டும். சும்மா விடுகிறேன். மேலே அத்தான் கப்பல் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார், அப்பாவின் சிரிப்பு மாடிப்படி வழியாக இறங்கி வருகிறது. லாரி புக்கிங் ஆபீஸில் டிரைவர்களோடு சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. ஆபரேஷனுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. அதைக் கேட்கும்போது சந்தோஷமாகவும் இருக்கிறது, அதை நிறுத்தப்போகிறவள் நான்தான் என்றும் இருக்கிறது. அக்கா கோமதியைக் கட்டியவர் நயினார் அத்தான், கப்பலில் என்ஜினியர், கல்யாணம் முடிந்த கையோடு கடலுக்குப் போய் இப்போதுதான் திரும்பினார், இது அவருக்கு முதல் ஆடி விருந்து. வரும் வழியில் விமான நிலையத்தில் வாங்கிய பாட்டிலை மரப்பெட்டியோடு அப்பா கையில் கொடுத்தார். அப்பா அதைக் கைக்குழந்தையைப் போல வாங்கிக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. முதல் ஆடியில் மாப்பிள்ளை தன் கையால் ஊற்றி மாமனாரிடம் கொடுக்க வேண்டும், மாமனார் ஒரு வாய் குடித்து ‘ம்’ என்று சொன்ன பிறகுதான் மாப்பிள்ளை தன் கிளாஸைத் தொடலாம். அந்த ‘ம்’ வரைக்கும் அவர் விருந்தாளி. அதற்கப்புறம் வீட்டு ஆள். அப்பாவும் என் தாய்வழித் தாத்தாவின் ‘ம்’முக்காகக் காத்திருந்தவர்தான், அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். இன்று வீட்டில் ஐஸ் இல்லாததால் சித்தப்பா பைக்கை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார். ஐஸ் வந்ததும் ஊற்றுவார்கள். அந்த ஐஸ் கரையாமல் வர வேண்டுமென்று மேலே இருவரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள், வழியிலேயே கரைந்து தண்ணீராகட்டும் என்று கீழே நான்.

காலையில் அப்பா பழைய ரேஸரை எடுத்தார். ஆபரேஷனுக்குப் பிறகு மின்சார ஷேவர்தான், தோல் கிழியக்கூடாது, ஆனால் மாப்பிள்ளை வருகிற நாளில் முகம் வழவழவென்று இருக்க வேண்டுமாம். தாடையில் ஒரு கீறல். பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் என்னைக் கூப்பிட்டார், குரலைத் தாழ்த்தி, பள்ளிக்கூடப் பையன் பரீட்சைக் கேள்வித்தாள் முன்கூட்டியே கிடைத்துவிட்டதைச் சொல்வது போல: “செண்பா, ஒண்ணும் பயப்படாத. நேத்தும் இன்னைக்கும் மாத்திரை போடல. இடம் விட்டு வச்சிருக்கேன்.” எதுக்கு இடம் என்று எனக்கு முதலில் புரியவில்லை. அப்பாவே விளக்கினார். மாத்திரை ரத்தத்தை இளக்குகிறது. பிராந்தி, விஸ்கி எல்லாமும் ரத்தத்தை இளக்கத்தான் செய்யும், குடித்தவனுக்கு முகம் சிவந்து உடம்பு சூடாவது அதனால்தானே. இரண்டையும் சேர்த்துப் போட்டால்தான் ஆபத்து. ஒன்றை விட்டுவிட்டு ஒன்றைப் போட்டால் சரிக்குச் சரி. சித்தப்பா சொன்னாராம். பஞ்சை எடுத்துக் காட்டினார், சிவப்பு இன்னும் ஊறிக்கொண்டுதான் இருந்தது. “பாரு, மாத்திரை போடாமலே இளகித்தான் கிடக்கு.” அவர் கண்ணில் அப்படியொரு தெளிவு. நான் உயிர்வேதியியல் படித்தவள், எனக்குத் தெரியும், அப்பா, அது போன வாரத்து மாத்திரையின் வேலை, அது மெதுவாகத்தான் விலகும், இன்றைக்கு உங்கள் ரத்தத்தில் அது இன்னும் பாதி இருக்கிறது, அதன் மேல் சாராயம் போனால் எங்கேயாவது கசிய ஆரம்பித்து நிற்காது, நாளைக்கோ மறுநாளைக்கோ மாத்திரையின் வேலை முழுக்க இல்லாமல் போய்விடும், அப்போது அந்த உலோக வால்வில் ரத்தம் உறையும், சாராயம் வந்து வால்வைக் காவல் காக்காது. இவ்வளவும் மனதுக்குள் கோர்வையாக, பத்தி பிரித்து வந்தது. வாயிலிருந்து வந்தது, “அது வேற, இது வேற அப்பா” என்பது மட்டும், அதுவும் தொட்டிக்குள் விழுந்த குழாய்த் தண்ணீரின் சத்தத்தில். அப்பா, “அதான் நானும் சொல்லுதேன்” என்று என் தலையைத் தட்டிவிட்டுப் போனார்.

இரண்டு சாவு வழிகள், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில். உறையாமல் ஓடுவது ஒன்று, ஓடாமல் உறைவது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் குறுகலாக ஒரு பாதை, அதில்தான் அப்பா ஒரு வருஷமாக நடக்கிறார். நாங்கள் எல்லோரும் கைபிடித்துக் கூட்டிப்போகிறோம், மாத்திரையின் வேலை கெடாதபடி கீரை அளவு மாறாமல், வலி மாத்திரை வாங்காமல், மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்து. கல்லூரியில் ஒரு செய்முறை உண்டு. விரலைக் குத்தி, முடி மாதிரியான கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றிக்கொண்டு, நேரம் பார்த்துக் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துக்கொண்டே வர வேண்டும். முதலில் வெறுமனே உடையும். பிறகு ஒரு தடவை, உடைந்த இரண்டு துண்டுகளுக்கும் நடுவில் மெல்லிய நூல் ஒன்று நீண்டு நிற்கும். அதுதான் உறைதல். என் நூலைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது, என்னைக் கேட்காமலே என் உடம்பு எவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறது என்று. அதே நூல் அப்பாவின் வால்வில் விழுந்தால் அங்கேயே நிற்காது, கிளம்பி மேலே மூளைக்குப் போகும். அப்பாவுக்குப் பேச்சுதான் சொத்து. ‘சரக்கு நாளைக்குத் திருச்சியில நிக்கும்’ என்று அவர் சொன்னால் நிற்கும். அந்த வாய் ஒரு பக்கமாகக் கோணி, சொல்ல வந்தது வராமல் எச்சில் வழிய என்னைப் பார்ப்பதை நான் ஏன் இவ்வளவு துல்லியமாகப் பார்க்கிறேன், எண்ணெய் புகைகிறது, தீயைக் குறைக்க வேண்டும். குறைத்தேன். மத்தியானத் தூக்கத்தில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தால் அவர் நெஞ்சிலிருந்து சத்தம் கேட்கும், கைக்கடிகாரத்தைத் துணியில் சுற்றி வைத்தது போல. அம்மா அது கேட்டால்தான் தூக்கம் வருகிறது என்கிறாள். அத்தான் வந்ததிலிருந்து அது கேட்காமல் இருக்க டிவியைச் சத்தமாக வைத்திருக்கிறார்கள். அப்பா சட்டையின் மேல் பட்டனையும் போட்டுக்கொள்கிறார், கழுத்துக்குக் கீழே ஆரம்பிக்கும் தழும்பு தெரியாமல். சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில்தான் மதுரையில் ஆபரேஷன். மாப்பிள்ளை வீட்டாரிடம், அப்பா வியாபார விஷயமாக வெளியூர் போயிருக்கிறார் என்று சொன்னோம். நெஞ்சைப் பிளந்த மனுஷன் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள் என்று அம்மா பயந்தாள். அப்பாவின் பயம் வேறு மாதிரி. “மாப்பிள்ள என்னைய நோயாளியாப் பாக்கக் கூடாது” என்றார். அதற்கப்புறம் கல்யாணம் வந்தது, கல்யாணத்தன்று சொல்ல முடியாது, அத்தான் கப்பலில் இருக்கும்போது போனில் சொல்ல முடியாது, இப்போது வந்துவிட்டார், விருந்தன்று எப்படிச் சொல்வது. சொல்லாமல் விட்டது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கனத்துக்கொண்டே போகிறது.

கோமதி வெங்காயம் நறுக்கிக்கொண்டே என்னைப் பார்க்கிறாள். நான் அமைதியாக இருப்பதில் வகைகள் உண்டு என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

“எதையோ உருட்டிக்கிட்டு இருக்க நீ” என்றாள்.

“அப்பா குடிக்கக் கூடாதுக்கா.”

“அப்பாகிட்டச் சொல்லு.”

“சொன்னேன். கேக்கல. அத்தான்கிட்டச் சொல்லப் போறேன்.”

கத்தி நின்றது. “செண்பா, சும்மா இரு. அவுகளுக்குப் பொய் சொன்னா ஆவாது. கல்யாணத்துக்கு முன்னால மறைச்சாச்சுன்னு தெரிஞ்சா என்னைய என்னன்னு நினைப்பாக? நான் சொல்லுதேன், நானே பக்குவமாச் சொல்லிக்கிடுதேன், கப்பலுக்குப் போறதுக்குள்ள.”

“இப்ப ஊத்தப் போறாங்க.”

“ஒரு வாய்தானட்டி” என்றாள் அம்மா, குழம்பை மூடியபடி. “ஒரு வாய் குடிச்சிட்டு வச்சிருவாக. முறைக்குத்தான். நீ என்னமோ வாய் தொறந்து பேசுறவ மாதிரி. பூக்காரிகிட்ட ஒரு முழம் கேக்க உனக்கு ஒரு மணி நேரம் ஆவும்.”

கோமதி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அம்மா சொன்னது உண்மைதான். ஆனால் ஒரு விஷயத்தில் எல்லோரும் தவறாக இருக்கிறார்கள், சின்ன வயதிலிருந்தே. எனக்கு இருப்பது கூச்சம், பயம் அல்ல. இரண்டும் வேறு. பயந்தவளுக்கு என்ன சொல்வதென்று தெரியாது. எனக்குத் தெரியும், சொல்லும்போது எல்லோரும் என்னையே பார்ப்பார்கள் என்பதுதான் தாங்க முடியாது. முகம் சூடாகும், காது சிவக்கும், கையை எங்கே வைப்பதென்று தெரியாது. அவ்வளவுதான். காது சிவப்பதால் யாரும் செத்ததில்லை. ஒரு வாய் என்பது ஒரு வாயோடு நிற்காது என்பதும் எனக்குத் தெரியும், சித்தப்பா இருக்கும் இடத்தில் ‘இன்னொரு வாய் அண்ணே’ இல்லாமல் இருக்காது. ஒரு வாயே குடித்தாலும் அந்தக் கணக்கு சரிதான் என்று அப்பாவுக்கு நிரூபணமாகிவிடும், ஒன்றும் ஆகவில்லை பார் என்பார், அடுத்த விசேஷத்துக்கும் இடம் விடுவார், அந்த நூல் அவர் வசதிக்குக் காத்திருக்காது. மொட்டை மாடிப் படிக்கு ஒரு பக்கம் கைப்பிடி கிடையாது. குடித்துவிட்டு இறங்கும்போது தலை சுவரில் இடித்தால் என்ற நினைப்பை ஆரம்பத்திலேயே வெட்டுகிறேன், அது திரும்ப முளைக்கிறது. போன மாதம் ஸ்கூட்டர் ஸ்டாண்டு காலில் பட்டதற்கே முழங்காலுக்குக் கீழே கத்திரிக்காய் நிறத்தில் பரவி, பிறகு பச்சையாகி, மஞ்சளாகி, அப்பா அதை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு திரிந்தார். தலைக்குள் கத்திரிக்காய் நிறம் பரவினால் அது யாருக்குத் தெரியும்.

பைக் சத்தம். முத்துராஜ் சித்தப்பா சமையலறை வழியாகத்தான் வந்தார், கையில் சொட்டிக்கொண்டிருக்கும் ஐஸ் பை. வழியில் ஒரு நெத்திலியைச் சூடாக எடுத்து வாயில் போட்டு ஊதினார்.

“மதினி, இது ஊருக்கே போதும்போல இருக்கே. ஏ பிள்ள, என்ன உர்ருன்னு நிக்க?”

“சித்தப்பா, அப்பா மாத்திரைய விட்டது தப்பு” என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்தது.

“அடேயப்பா, பேசுது. இங்க பாரு, நம்ம டிரைவர் சுடலை இதே மாதிரி வால்வு வச்சவன்தான். ஞாயித்துக்கெழம ஆச்சுன்னா மாத்திரைக்கு லீவு, பாட்டிலுக்குத் தொறப்பு. கல்லு மாதிரி இருக்கான்.”

“இருந்தவரைக்கும் இருந்தாரு. போன கார்த்திகையில கை கால் வரலன்னு மதுரைக்குத் தூக்கிட்டுப் போனாங்கல்ல.”

“அது காத்து பட்டதுல” என்றார் சித்தப்பா, உடனே, நம்பிக்கையோடு. ஐஸ் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு படியேறிவிட்டார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சுடலைக்கு நடந்தது அவளுக்கும் தெரியும், அவர் மனைவியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவளே அவள்தான். அதையும் அப்பாவையும் இதுவரை சேர்த்து யோசிக்காமல் வைத்திருந்தாள். இப்போது கரண்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நெத்திலியை அரித்துத் தட்டில் போட்டாள், கறிவேப்பிலையை மேலே தூவினாள், தட்டை என்னிடம் நீட்டினாள். கோமதி வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அக்கா, மன்னித்துக்கொள் என்று நினைத்தேன், பிறகு அதைத் திருத்தினேன், கோபப்படு, பரவாயில்லை, கோபப்படுவதற்கு அப்பா இருக்கட்டும்.

ஆண்கள் மாடியில் உட்கார்ந்தால் நாங்கள் தட்டைக் கடைசிப் படியில் வைத்துவிட்டு, விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கிவிடுவோம். யாராவது வந்து எடுத்துக்கொள்வார்கள். அப்படித்தான் முதல் ஈடு போனது. படியேறும்போது வாக்கியம் கலைந்துவிட்டது. அத்தான் என்பது மட்டும் மிஞ்சியது, மற்றவை எல்லாம் தட்டின் சூட்டில் உருகிவிட்டன, உருகட்டும், பொருள் என்னிடம் இருக்கிறது, சொற்கள் வந்து சேரும். கடைசிப் படி. குனியவில்லை. ஆடிக் காற்று முகத்தில் அடித்தது, தண்ணீர்த் தொட்டி நிழலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள், காற்றில் பறக்காமல் இருக்கப் பாயின் மூலையில் செங்கல். அத்தான் இரண்டு கைகளாலும் கிளாஸை நீட்டிக்கொண்டிருந்தார், அவ்வளவு மரியாதையாக. அப்பா வாங்கிக்கொண்டிருந்தார். ஐஸ் கிளாஸில் இடித்தது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள், நான் எதிர்பார்த்தபடியே காது சிவந்தது, சரி, சிவந்தாயிற்று.

“அத்தான், அப்பாவுக்கு அதக் குடுக்காதீங்க. போன வருஷம் நெஞ்சத் திறந்து வால்வு மாத்தியிருக்கு. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடணும். நீங்க ஊத்திக் குடுப்பீங்கன்னு ரெண்டு நாளா அதப் போடாம இருக்காங்க.”

“செண்பா” என்றார் அப்பா. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. “கீழ போ.”

போகவில்லை. போகாமல் இருப்பது இவ்வளவு எளிது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை, கால்களை அப்படியே விட்டுவிட்டால் போதும்.

“சின்னப் பிள்ள, புஸ்தகத்தப் படிச்சிட்டு உளறுது மாப்ள” என்று சித்தப்பா ஆரம்பித்தார். அத்தான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அப்பாவின் மேல் பட்டனைப் பார்த்தார். கிளாஸை அப்பாவின் கையிலிருந்து எடுத்துத் தன் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“நெசமா மாமா?”

அப்பா தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கோமதிக்குத் தெரியுமா?” இதை என்னிடம் கேட்டார்.

“தெரியும்.”

அவர் முகத்தில் ஏதோ ஒன்று மூடிக்கொண்டது. இது நான் கொடுக்கவேண்டிய விலை என்று எனக்குத் தெரியும், கொடுப்பது கோமதியும் சேர்ந்துதான் என்பதுதான் வலித்தது. பிறகு அத்தான், “என்ட்ட சொல்லியிருக்கலாம் மாமா” என்றார், கோபமில்லாமல், அதனாலேயே எனக்குக் காது கொடுக்க முடியாதபடி. அப்பா, “நீங்க மொத மொத ஊத்தும்போது வேண்டாம்னு எப்படி மாப்ள சொல்லுவேன்” என்றார்.

நான் போனை எடுத்து மதுரை ஆஸ்பத்திரி வார்டு எண்ணைப் போட்டேன். போனில் பேசுவது எனக்கு நேரில் பேசுவதைவிடக் கஷ்டம், காய்கறிக் கடைக்குக்கூட அம்மாவைத்தான் பேச வைப்பேன். நர்ஸ் எடுத்தார். வால்வு மாற்றியவர், இரண்டு நாள் மாத்திரை விட்டுப்போய்விட்டது என்றேன். நீங்க யாரு, பேஷண்ட் பக்கத்துல இருந்தா அவர்ட்ட குடுங்க என்றார். போனை நீட்டினேன். அப்பா அதைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், வாங்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். வாங்கினார். அவர் எப்போதும் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் பிடிப்பார், அந்தப் பக்கத்துக் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“கோவில்பட்டி வேலாயுதம் பேசுதேன். மைட்ரல் வால்வு. ஆமா, நம்ம பெரிய டாக்டர் செஞ்சது.” ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார், மாப்பிள்ளைக்கு முன்னால், லாரி நம்பர் சொல்வது போல. “ரெண்டு நாளா போடல.”

“ஏன் சார் போடல?”

“வீட்டுல விசேஷம்.”

விட்டுப்போனதுக்கும் சேத்து இன்னைக்கு ரெண்டா போட்றாதீங்க, ஒடனே ரத்தம் பாக்கணும், கெளம்பி வாங்க, டாக்டர்ட்ட சொல்லி வைக்கிறேன் என்றார் நர்ஸ். அத்தான் எழுந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, “வாசல்ல நிக்கிற கார் சாவி எங்க இருக்கு?” என்று சித்தப்பாவிடம் கேட்டார். சித்தப்பா சட்டைப் பையைத் துழாவினார், ஐஸ் ஈரத்தில் கை வழுக்கியது.

“சார், சரக்கு ஏதாவது சாப்டீங்களா?” என்று போனில் கேட்டது.

அப்பா பாயின் மேல் தனியாக நின்ற கிளாஸைப் பார்த்தார். ஒரு வாய்கூடக் குறையாமல் அப்படியே இருந்தது. என் பக்கம் அவர் திரும்பவில்லை.

“இன்னும் இல்லம்மா. எம்மக விடமாட்டேங்கா” என்றார், புகார் கொடுக்கிற குரலில்.